மட்டக்களப்பில் இரண்டு பேருக்கு ஒரு இராச் சாப்பாடும் ஒரு போத்தல் வைனும்: முழுமையான வழிகாட்டி

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் முழுநிலவு இரவில் போ என்பார்கள். முழுநிலவு என்றால் போயா. போயா என்றால் நாடு முழுக்க மது விற்பனை நிறுத்தம். ஆக, வாவிக்கரை மேசையில் மீன் பாட்டும் கேட்டு வைனும் குடிக்கலாம் என்று யாராவது கனவு கண்டால், கலண்டரே அதைக் கலைத்துவிடும். கலியாணமான முதல் வருடம் நானும் இவரும் அப்படித்தான் ஏமாந்தோம். மேசை சொல்லிவைத்து, நல்ல சேலையும் உடுத்துப் போய், தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகு பல தடவை போயிருக்கிறோம். பிழையும் நிறைய விட்டிருக்கிறோம். அவற்றில் கற்றதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது இலங்கையில் குற்றம். கர்ப்பிணிகளுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்தப் பதிவின் சாப்பாட்டுப் பகுதி மட்டும் போதும்.

படி 1: நாளைப் பாருங்கள்

முதலில் போயாவைத் தவிருங்கள். மாதத்துக்கு ஒன்று கட்டாயம் வரும். வெசாக்கில் அடுத்த நாளும் சேரும். சித்திரைப் புத்தாண்டு, ஒக்டோபர் 3 உலக மதுவொழிப்புத் தினம் போன்ற நாட்களிலும் கடைகள் பூட்டு. நிலவும் வேண்டும், வைனும் வேண்டும் என்றால் போயாவுக்கு முதல் நாளோ மறுநாளோ போங்கள். ஒரு நாள் குறைந்த நிலவை வாவித் தண்ணீரில் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை.

அடுத்தது காலநிலை. நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வாடைக்காற்றும் மழையும். வெளி மேசையை நம்ப முடியாது. சித்திரை முதல் புரட்டாதி வரை நல்ல காலம். ஆனால் அதற்குள் கச்சான் காற்று வீசும் நாட்கள் இருக்கின்றன. பகலில் முகத்தைச் சுடும் அந்தக் காற்றில் மத்தியானச் சாப்பாட்டோடு வைன் என்பது தண்டனை. பொழுது பட்ட பிறகே வெளிக்கிடுங்கள்.

மூன்றாவது நம் வீட்டுக் கலண்டர். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தம். அந்த நாட்களில் பாதி ஊர் மச்சம் தொடாது. நீங்கள் விரதம் பிடிக்காவிட்டாலும் உங்கள் மாமி பிடிப்பார். நண்டுக் குழம்பு வாசத்தோடு வீடு திரும்பி அவர் முகத்தில் முழிப்பதைவிட, ஒரு கிழமை தள்ளிப் போடுவது எவ்வளவோ மேல்.

படி 2: இடத்தைத் தேருங்கள்

ஊருக்குப் புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நல்ல சாப்பாடு கிடைக்கும் கடையும் வைன் கிடைக்கும் இடமும் இங்கே பெரும்பாலும் ஒன்றல்ல.

நகருக்குள், புளியந்தீவிலும் கல்லடிப் பக்கமும், அனுமதிப்பத்திரம் உள்ள ஹோட்டல்கள் சிலவற்றில் மேசைக்கே வைன் வரும். வடக்கே முப்பத்தைந்து கிலோமீற்றர் போனால் பாசிக்குடா. அங்குள்ள பெரிய விடுதிகளில்தான் வைன் பட்டியல் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கும். ஐஸ் வாளி, காலுள்ள கண்ணாடிக் கிளாஸ் எல்லாம் கேட்காமலே வரும். குறை என்னவென்றால், வெளிநாட்டவருக்காகக் குழம்பின் உறைப்பைக் குறைத்துவிடுவார்கள். "தம்பி, நாங்கள் மட்டக்களப்பு ஆக்கள், எங்களுக்கு ஊர் உறைப்பில தாங்க" என்று முதலே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் வெயிட்டர் தம்பியின் முகத்தில் வரும் சிரிப்பும், குசினிக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் சமையற்காரரும், பிறகு வரும் குழம்பும் வேறு ரகம்.

தெற்கே காத்தான்குடி. ஈச்ச மரங்கள் நட்ட அந்தப் பிரதான வீதிக்கு நீங்கள் போவது புரியாணிக்கு, பொரித்த கோழிக்கு, பின்னேரத்துத் தேநீருக்கு. அங்கே மது இல்லை; கேட்கவும் வேண்டாம். போத்தலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போய் மேசைக்குக் கீழே ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். இது அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் கடைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நோன்பு மாதத்தில் பகலில் அந்தக் கடைகள் திறவாது. அந்த நாட்களில் போவதானால் நோன்பு திறந்த பிறகு போங்கள். கஞ்சியும் சமோசாவும் அப்போதுதான் சூடாக இருக்கும்.

நானும் இவரும் கண்டுபிடித்த வழி, இரவை இரண்டாகப் பிரிப்பது. ஒரு நாள் காத்தான்குடியில் வயிறு நிறையப் புரியாணி, வைன் இல்லை. இன்னொரு நாள் அனுமதியுள்ள ஹோட்டலில் கடலுணவும் வைனும். இரண்டையும் ஒரே மேசையில் போட ஆசைப்பட்டால் இரண்டும் கெடும்.

அறுகம்பே தனிக் கதை. மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். போய்வருவதென்றால் ஒரு இரவு தங்கவேண்டும். அலைச்சறுக்குக் காலம் மே முதல் ஒக்டோபர் வரை. அப்போது உல்லைப் பக்கம் வெளிநாட்டுச் சமையல், சுட்ட மீன், மரத்தடி மேசை எல்லாம் உண்டு. காலம் முடிந்தால் பாதிக் கடைகள் பலகை சாத்திவிடும். வைனைவிட அங்கே பியர்தான் ஓட்டம். வைன் வேண்டுமென்றால் சற்றுப் பெரிய விடுதியாகப் பாருங்கள்.

படி 3: போன் எடுங்கள்

நேரே போய் நிற்காதீர்கள். ஐந்து கேள்வி கேட்டால் போதும். வெளியாட்களுக்கு இராச் சாப்பாடு உண்டா? வைன் போத்தலாக மட்டுமா, கிளாஸ் கணக்கிலும் உண்டா? வெள்ளை வைன் இப்போது பிரிட்ஜுக்குள் இருக்கிறதா, இறாக்கையிலா? இன்றைக்கு என்ன மீன் வந்தது? சொந்தப் போத்தல் கொண்டுவரலாமா, அதற்கு என்ன கட்டணம்?

மூன்றாவது கேள்வி உங்களுக்குச் சின்ன விசயமாகத் தோன்றும். ஒரு முறை நாங்கள் அதைக் கேட்காமல் போனோம்; ஹோட்டலின் பெயர் வேண்டாம். இறாக்கையில் எத்தனை மாதம் வெயிலோடு நின்றதோ தெரியாது, ஊற்றியபோது வெள்ளை வைன் தேநீர் நிறத்தில் இருந்தது. மணம் அவித்த அப்பிள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை, காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சொந்தப் போத்தலுக்குச் சம்மதித்தால் அதை வாங்கவேண்டும். நம்மூரில் சாராயக் கடைக்குப் பெயர் 'வைன் ஸ்டோர்ஸ்'. உள்ளே போனால் சாராயமும் பியரும் மலைபோல இருக்கும், வைன் மட்டும் மூலையில் தூசியோடு நாலு போத்தல். அந்த வரிசையில் பெண்ணைக் காண்பது அரிது. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1955 தொட்டு ஒரு தடை இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்குவதாக அறிவித்தது. சில நாளிலேயே ஜனாதிபதி அந்த முடிவைத் திருப்பியெடுக்கச் சொன்னார். என் கருத்தை இங்கே எழுதத் தொடங்கினால் இந்த வழிகாட்டி வேறு வழிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் கடைக்குப் போவது இவர். எதை வாங்குவது என்று துண்டில் எழுதிக் கொடுப்பது நான். கடையில் வாங்கும்போது திருகுமூடிப் போத்தலாக, ஆண்டு அண்மையதாக, வெயில் படாத இறாக்கையில் இருந்ததாகப் பாருங்கள்.

படி 4: பில்லை முதலே கணக்குப் பாருங்கள்

இங்கே கிடைக்கும் வைன் பெரும்பாலும் இறக்குமதி: சிலி, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, பிரான்ஸ், இத்தாலி. வரி கனம், அதனால் விலையும் கனம். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது இறுதி விலை அல்ல. சேவைக் கட்டணம் 10 வீதம், அதன்மேல் வற் வரி 18 வீதம். 10,000 ரூபா என்று போட்டிருக்கும் போத்தல் முதலில் 11,000 ஆகி, பிறகு 12,980 ஆகும். சாப்பாட்டுக்கும் இதே கணக்குத்தான். இருவருக்குமான தொகையை வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். மேசையில் இருந்துகொண்டு கல்குலேட்டர் தட்டினால் அந்த இரவு அதோடு சரி.

ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். 150 மில்லிலீற்றர் வீதம் ஐந்து கிளாஸ். இருவரில் ஒருவர் குடிக்காதவர் என்றால் போத்தல் வேண்டாம், கிளாஸ் கணக்கில் எடுங்கள். ஆனால் "இந்தப் போத்தல் எப்ப திறந்தது?" என்று கேளுங்கள். பிரிட்ஜில் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் வேண்டாம்.

படி 5: சாப்பாட்டை முதலில் சொல்லுங்கள், வைனைப் பிறகு

என்னைக் கேட்டால் முழு விசயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

"மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு" என்று எல்லோரும் சொல்வார்கள். அது மீனை வெண்ணெயில் வாட்டிச் சாப்பிடுகிறவர்களின் கணக்கு. நம் கொடுவா மேசைக்கு வரும்போது மிளகாய்த்தூளும் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் ஏறித்தான் வருகிறது. அங்கே மீன் பயணி, குழம்புதான் வண்டி. ஆகவே குழம்பைப் பார்த்து வைனைத் தேருங்கள்.

உறைப்பில் தொடங்குவோம். மிளகாயில் உள்ள கப்சைசின் நாக்கில் சூட்டை உணர்த்தும் நரம்பைத் தட்டுகிறது. மதுசாரமும் அதே நரம்பைத்தான் உசுப்புகிறது. அதனால் 14 வீத மதுசாரமுள்ள கனத்த சிவப்பு வைனை நண்டுக் குழம்போடு குடித்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல. துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும், பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி வாய் இழுக்கும். உறைப்புக்கு வேண்டியது இலேசான இனிப்பும் குறைந்த மதுசாரமும் நல்ல குளிரும். ரீஸ்லிங் என்ற திராட்சையில் சற்று இனிப்பான வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அது இல்லையென்றால் மொஸ்காட்டோ. "இனிப்பு வைன் தெரியாதவர்கள் குடிப்பது" என்று இவருடைய நண்பர் ஒருவர் பெரிய கதை விட்டார். அவருக்கு எங்கள் வீட்டு நண்டுக் குழம்பும் அவர் கொண்டுவந்த கபர்னே என்ற கனத்த சிவப்பு வைனும் ஒன்றாகக் கொடுத்தோம். மறுகா அவர் அந்தக் கதை பேசவில்லை.

தேங்காய்ப்பால் ஓங்கி நிற்கும் கறி, அதாவது இறால் பால்கறி, கணவாய் வெள்ளைக்கறி, சொதி இவற்றுக்குச் சற்றுத் திரட்சியான வெள்ளை வைன் பொருந்தும். ஷார்டனே, ஷெனின் பிளாங்க் இரண்டும் பாலின் கொழுப்போடு சண்டை பிடிக்காது. ஒன்றை நான் மிகவும் விரும்பிச் செய்வேன்: இடியப்பம், சொதி, கொஞ்சம் இறால், குளிர்ந்த ஷார்டனே. ஹோட்டலில் இடியப்பத்தோடு வைனா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பழப்புளி கரைத்து வைத்த மீன்குழம்புக்குப் புளிப்புள்ள வைன்தான் வேண்டும். குழம்பைவிட வைனில் புளிப்புக் குறைந்தால் வைன் பச்சைத் தண்ணீராகிவிடும். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைன் அதற்கு ஈடு கொடுக்கும். தேசிக்காய் பிழிந்த மீன் பொரியலுக்கும் கணவாய்ப் பொரியலுக்கும் அதுவே. நுரைக்கும் வைன் கிடைத்தால் இன்னும் நல்லம். எண்ணெயை நாக்கிலிருந்து கழுவிவிடும்.

டெவில் இறால், டெவில் கணவாய் என்று சோஸும் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டி வருவது இனிப்பும் உறைப்பும் கலந்தது. அதற்கு ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன். ஒரு போத்தலில் பல கறியும் சமாளிக்கவேண்டும் என்றாலும் ரோஸேதான் பாதுகாப்பான பதில்.

சிவப்பு வைனை ஒதுக்கிவிடவில்லை. மாட்டிறைச்சிப் பிரட்டல், ஆட்டிறைச்சிக் குழம்பு இவற்றோடு மெர்லோவும் ஷிராஸும் நன்றாகப் போகும். மிளகு தூக்கலான கறியென்றால் ஷிராஸ். மீனோடு சிவப்பு ஏன் ஒத்துவராது என்பதற்கு ஒரு காரணம் வைனில் கரைந்துள்ள இரும்பு. அது கூடினால் மீனின் கொழுப்போடு சேர்ந்து வெடுக்கு எழும்பும். கொழுப்புக் கூடிய மீன்களில் இது நன்றாகத் தெரியும்.

கொத்து ரொட்டிக்கு வைன் வேண்டாம். முயன்று பார்த்தோம். பிளேன்ரீதான்.

கடைசியில் எருமைத் தயிரும் பாணியும் வரும். அதற்கும் வைன் தேடாதீர்கள். தயிரின் புளிப்பு எல்லா வைனையும் கொன்றுவிடும். கிளாஸை முடித்து வைத்துவிட்டுத் தயிருக்குப் போங்கள். மட்டக்களப்புத் தயிருக்குத் துணை தேவையில்லை.

படி 6: போத்தல் வந்ததும்

வெயிட்டர் போத்தலைக் காட்டுவார். அது மரியாதைக்கு மட்டுமல்ல. நீங்கள் சொன்ன பெயரும் ஆண்டும்தானா என்று பாருங்கள். தக்கை போத்தல் வாயைவிட மேலே தள்ளி நின்றாலோ, பக்கத்தில் கசிந்த அடையாளம் இருந்தாலோ அது சூடுபட்ட போத்தல். நம் ஊர்ச் சூட்டில், மின்வெட்டில், லொறியில் வந்த போத்தலுக்கு இது நடக்கக்கூடியது.

பிறகு கொஞ்சமாக ஊற்றித் தருவார். குடித்து "ஆகா" சொல்வதற்கல்ல, மணந்து பார்ப்பதற்கு. நனைந்த அட்டைப்பெட்டி, மழையில் ஊறிய சாக்கு போன்ற மணம் வந்தால் தக்கை கெட்டுவிட்டது. அவித்த பழமணம் வந்தால் சூட்டில் கெட்டது. இரண்டுக்கும் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லலாம். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பக்கூடாது. அது நீங்கள் தேர்ந்த பிழை. இந்த மணக்கிற வேலையை ஆணிடம்தான் கொடுப்பார்கள். இவர் கிளாஸை என் பக்கம் தள்ளிவிடுவார். "அக்காதான் பார்ப்பாவா?" என்று ஒரு தம்பி கேட்டார். "ஓம், மூக்கு அவவுக்குத்தான்" என்றார் இவர்.

வெப்பநிலையில் ஒரு பொய் உலாவுகிறது: சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்கவேண்டும் என்று. அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 18 பாகை செல்சியஸுக்குள் இருக்கும். நம் அறை 30 பாகை. அந்தச் சூட்டில் சிவப்பு வைன் மதுசார நெடியாகத்தான் ஏறும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். 16 முதல் 18 பாகை போதும். வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 12. குளிரவில்லை என்றால் வாளியில் ஐஸ் மட்டும் போட்டுத் தருவார்கள். அதில் பாதி தண்ணீரும் ஒரு பிடி உப்பும் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் போத்தலைச் சுற்றிப் பிடிக்கும், உப்பு ஐஸின் சூட்டை இன்னும் இறக்கும். கால் மணி நேரத்தில் போத்தல் வேர்த்துவிடும். கிளாஸைப் பாதிக்கும் குறைவாகவே ஊற்றச் சொல்லுங்கள். நிறைய ஊற்றினால் கடைசி வாய் சுடுதண்ணீர்தான்.

படி 7: வலது கை குழம்பில், இடது கை கிளாஸில்

நண்டைக் கரண்டியால் சாப்பிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. கையால்தான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் வைன் கிளாஸை மேசையில் இடது பக்கம் மாற்றி வையுங்கள். வெயிட்டர் வலது பக்கம்தான் வைப்பார். அது கத்தியும் முள்ளும் பிடிப்பவர்களின் வழக்கம். இடது கையால் கிளாஸின் காலைப் பிடித்துத் தூக்கினால் கிளாஸில் குழம்புக் கைரேகையும் விழாது, உள்ளங்கை பட்டு வைனும் சூடாகாது. குடிக்கும் முன் உதட்டை ஒருமுறை துடையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பில் எண்ணெய் வளையம்.

இரண்டு வாய் வைனுக்கு ஒரு வாய் தண்ணீர். நம் வேர்வைக்கு அது கட்டாயம்.

பக்கத்து மேசையில் சொந்தக்காரர் இருந்தால்? மட்டக்களப்பு சின்ன ஊர், இருந்தே தீருவார். எங்களுக்கு ஒரு முறை பெரியம்மா மகனே வந்து நின்றார். நத்தாருக்கு அயல்வீட்டுப் பறங்கிக் குடும்பம் கொடுத்தனுப்பும் வீட்டு வைனை ஒளித்துக் குடித்த அதே அண்ணன்தான். அவர் எங்கள் போத்தலைப் பார்த்தார், நாங்கள் அவருடைய பியரைப் பார்த்தோம். "சாப்பாடு நல்லாயிருக்கா?" என்றார். "ஓம் அண்ண" என்றோம். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

படி 8: திரும்புதல்

ஒரு கிளாஸ் குடித்தாலும் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். வரும்போதே ஓட்டோவில் வாருங்கள்; ஓட்டோக்காரத் தம்பியிடம் திரும்பும் நேரத்தையும் சொல்லி, நம்பரையும் வாங்கி வையுங்கள். பாசிக்குடா என்றால் வாடகைக்கு ஒரு வாகனம் பேசிக்கொள்ளுங்கள், அல்லது அங்கேயே தங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வீதியில் நின்று வாகனம் தேடும் ஊர் இதல்ல.

போத்தலில் மிஞ்சினால் கூச்சப்படாமல் மூடி கேட்டு வாங்குங்கள், நீங்கள் கொடுத்த காசு. வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி பிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை மறுநாள் இரவுக்குள் குடித்துவிடலாம். சிவப்பென்றால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சிக் கறிக்குள் அரைக் கிளாஸ் போகும், தண்ணீருக்குப் பதிலாக, வெங்காயம் பொன்னிறமானதும். மாமி இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டு, "இந்தக் கறிக்கு என்ன புள்ள போட்ட?" என்று கேட்பார். கொஞ்சம் திராட்சைச் சாறு என்று சொல்லியிருக்கிறேன்.